கேட்டம்மா திறக்க மாட்டேன் என்கிறாள்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. கடல் ஏறும்போதெல்லாம் மூழ்கிவிடும், தீவுக்குப் போகும் கடல்சாலையின் தொடக்கத்தில், சிவப்பு வெள்ளைக் கட்டை ஒன்று என் காருக்கு முன்னால் இறங்கியது. சாலை காய்ந்து கிடந்தது. கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம், "தண்ணியே வரலையேம்மா, எதுக்கு அடைக்கிறீங்க?" என்றேன்.

"வந்தப்புறம் அடைச்சா உங்களை யாரு எடுக்கிறது?"

"சரி, எப்ப போகும்?"

"முதல்ல வரட்டும். வந்தாத்தானே போகும்."

இவளைக் கதையில் வைத்துப் பழிவாங்குவது என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அன்றிலிருந்து அவள்தான் என்னைப் பழிவாங்கிக்கொண்டிருக்கிறாள்.

2

முதல் தொடக்கம்: 'பௌர்ணமி. பொழுது சாயும் நேரம். வெள்ளி உருகி ஓடும் கடலின் நடுவே, ஈரச் சாலையில் அக்காவும் தங்கையும் கைகோத்து—'

அடித்துவிட்டேன். வெள்ளியைப் படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. கேட்டம்மாவுக்கு (கேட்டைத் திறந்து மூடுபவள், கதையில் அவள் பெயர் அதுதான்; அந்த அக்காவும் அவள்தான்) வேறு ஆட்சேபம்.

"பௌர்ணமிக்கு இந்த நேரத்துல தண்ணி ஏறிட்டிருக்கும். அந்த நடையில போனா நடுச்சாலையில கழுத்தளவு வந்துடும். எங்க ரெண்டு பேரையும் கொல்றதா உத்தேசமா?"

அவள் சொன்னது சரி. ஒரு கரையில் பௌர்ணமியன்று நீர் உச்சிக்கு வரும் நேரம், எந்த மாதமானாலும் ஏறக்குறைய ஒன்றேதான். இந்தக் கரைக்கு அது இரவு எட்டு மணி என்று நானே எங்கோ எழுதித் தொலைத்திருந்தேன்.

3

அறிவியலைச் சொல்லாமல் விட முடியாது போலிருக்கிறது. சந்திரன் தன் பக்கத்துக் கடலை அதிகமாக இழுக்கிறது; நடுவிலிருக்கும் பூமியை அதைவிடக் குறைவாக; மறுபக்கத்துக் கடலை இன்னும் குறைவாக. அதனால் இந்தப் பக்கம் ஒரு மேடு, அந்தப் பக்கம் ஒரு மேடு. பூமி சுழலும்போது நம் கரை இரண்டையும் கடக்கிறது. ஆகவே பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். ஏற ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல், இறங்கவும் அதே அளவு. இதற்குள் சந்திரன் தன் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால் மறுநாள் எல்லாமே சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சூரியனும் கூடச் சேர்ந்துகொள்வதால் நீர் இன்னும் உயரும், சாலை இன்னும் அதிக நேரம் மூழ்கிக் கிடக்கும்.

(இந்தப் பத்தியைத் தாண்டிக் குதித்தவர்கள் தயவுசெய்து திரும்பிப் போங்கள். தங்கை செய்த தப்பு அந்த ஐம்பது நிமிடத்தில் இருக்கிறது.)

4

தங்கையைச் சின்னவள் என்று வைத்துக்கொள்வோம். தீவில் மாப்பிள்ளை. கல்யாணத்தன்று காலையிலும் கேட்டம்மா வேலைக்கு வந்திருந்தாள், கட்டையைப் போட்டுவிட்டு மண்டபத்துக்கு ஓடலாம் என்று. மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் தாமதமாக வந்தன. அவள் பொத்தானை அழுத்தினாள். அக்கரைக் கட்டையும் அதே பொத்தானில்தான் இறங்கும். சம்பந்தி வீடு முழுக்க நாலு மணி நேரம் காருக்குள் வெந்தது.

அதற்குப் பிறகு புகுந்த வீட்டில் எது நடந்தாலும், "கட்டை போட்டவளோட தங்கச்சிதானே" என்றார்கள். சின்னவள் அக்காவோடு பேச்சை நிறுத்தினாள். அதுவரை கேட்டம்மா தினமும் சாயங்காலம் போனில் கூப்பிட்டு, மறுநாள் சாலை எப்போது மூடும் என்று சொல்வாள். அதுவும் நின்றது.

தீவுக்காரர்கள் அட்டவணை பார்ப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள். 'நாளுக்கு ஒரு மணி நேரம் தள்ளும்' என்று விரல்விட்டு எண்ணுவார்கள். ஒரு நாள் இரண்டு நாளுக்கு அது ஓடும். வெளிநாட்டில் குடியேறுவதற்காக ஒரு வாரம் வெளியே தலைகாட்டாமல் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவளுக்கு ஓடாது; நாளுக்குப் பத்து நிமிடப் பிசகு ஒரு வாரத்தில் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். கணவர் முன்னாலேயே வெளிநாடு போய்விட்டார். இவள் கடைசிப் பெட்டிகளோடு, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்ற நினைப்பில் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு அக்கரைக் கட்டைக்கு வந்தாள்.

கட்டை இறங்கியிருந்தது. சாலை காய்ந்து கிடந்தது. பௌர்ணமி மாலை. இரவு ஒன்பது மணிக்கு விமானம். அக்கா வேண்டுமென்றே செய்கிறாள் என்று யாருக்குத்தான் தோன்றாது?

அக்கரைக் கம்பத்திலிருக்கும் பேசும் பெட்டி வழியாகக் கண்ணாடி அறையில் சின்னவளின் குரல் வந்தது. பல வருடங்களில் முதல் பேச்சு.

"அக்கா, திற."

5

முடிவு ஒன்று: கேட்டம்மா கண் கலங்கித் திறக்கிறாள். கார் தண்ணீருக்கு முன்னால் இக்கரை வந்து, கண்ணாடி அறை வாசலில்—

"நிக்காது," என்றாள் கேட்டம்மா. "நேரே போயிடுவா. எனக்குத் தெரியாதா அவளை?"

"போகட்டுமே. விமானமாவது கிடைக்கும். திறங்கம்மா, உங்க தங்கச்சிதானே?"

"அதனாலதான் திறக்க முடியல. அன்னிக்குத் திறக்காதவ இன்னிக்குத் திறந்தா, அன்னிக்கு வேணும்னே அடைச்சேன்னு ஆயிடும். அவ மாமியார் சொன்னதெல்லாம் நிஜம்னு ஆயிடும்."

"திறக்கலைன்னா இனிமே அவ உங்க முகத்துலயே முழிக்க மாட்டா."

"அதுவும் தெரியும். நீதானே எழுதறே? வேற வழி ஏதாவது எழுதேன்."

எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று ஒரு நோட்டு முழுக்கக் கிழித்தாயிற்று. சாலையை உயர்த்திப் பார்த்தேன். விமானத்தைத் தாமதப்படுத்தினேன். சந்திரனைத் தேய்பிறைக்குத் தள்ளினேன். தள்ளினால் நேரம் மாறி, சண்டையே இல்லாமல் போகிறது. எரிச்சலில் பேனாவை மூடிவைத்தேன். அவள் மட்டும் பொத்தானுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் எப்போது இரக்கமாக மாறியது என்று தெரியவில்லை.

6

முடிவு இரண்டு என்று ஒன்று இல்லை. இதுவரை தெரிந்ததைச் சொல்கிறேன்.

சாலையின் தாழ்வான இடத்தில் நீர் மினுங்கத் தொடங்கியது. பிறகு, எல்லாரும் கேட்கும் அதே கேள்வியைச் சின்னவளும் கேட்டாள்.

"தண்ணி எப்ப போகும்?"

'முதல்ல வரட்டும்' என்று கேட்டம்மா சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"பத்தரைக்குப் போயிடும்," என்றாள் கேட்டம்மா. பிறகு, பழைய சாயங்காலங்களின் பழக்கத்தில் வாய் தானாகவே தொடர்ந்தது. "நாளைக்கு—"

அங்கே நின்றுவிட்டாள். நானும் நின்றுவிட்டேன். அக்கரையில் சின்னவள் வண்டியை அணைக்கும் சத்தம் பேசும் பெட்டி வழியாகக் கேட்டது. மறுபடி கிளப்பித் திரும்பிப் போவாளா, இருந்து கேட்கப் போகிறாளா என்று எனக்குத் தெரியாது.

'நாளைக்கு' என்று தொடங்கிய அந்த வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். என்னால் ஆகாது.