படிக்கட்டில் எடுத்த படம்

சுவர் முழுக்க என் அப்பா. நூலக மாடியில் திரைகூடக் கட்டாமல் வெள்ளைச் சுவரிலேயே படத்தைப் பாய்ச்சியிருந்தார்கள். எங்கள் வீட்டு மூன்றாம் மாடியிலிருந்து இறங்கும் படிக்கட்டு, மர நாற்காலியில் அப்பா, பின்னாலிருந்து நாற்காலியின் சாய்வைப் பிடித்தபடி நான். அப்பாவின் கால்சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது அப்பட்டமாகத் தெரிந்தது.

எடுத்தவன் என் தம்பி. முன்வரிசையில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு நல்லபிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களின் சங்கம் அது. மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் படத்தை மற்றவர்கள் அலசிக் காயப்போடுவார்கள். அலசும்போது எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது என்று ஒரு விதி. தேறுகிற படத்தைப் பெரிதாக்கி நூலக வாசலில் மாட்டுவார்கள்.

அப்பா இந்த வட்டாரத்தில் தபால்காரராக இருந்தவர். அந்த வாசலைக் கடந்து போகிறவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். இந்தப் படம் எடுத்த பிறகு ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "தம்பி ஏதோ படம் எடுத்தானே, அதை அழிக்கச் சொல்லும்மா. யாரும் பாக்க வேணாம்." தம்பியிடம் சொன்னேன். சங்கத்தில் ஒரே ஒருதடவை காட்டிவிட்டு அழித்துவிடுவதாக மழுப்பினான். அவனை நம்பாமல்தான் நானும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"கைப்பிடிச் சுவர் குறுக்கே வருது. வலது பக்கம் கொஞ்சம் வெட்டிடலாம்" என்றார் ஒரு பல் டாக்டர். அவருக்கு எதையும் பிடுங்கித்தான் பழக்கம்.

"அந்தப் பொண்ணோட பார்வையப் பாருங்க. காலங்காலமா சுமக்கிற சோகம்" என்றார் பக்கத்திலிருந்த அம்மாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது சோகமே இல்லை. 'பிடிடா' என்கிற பார்வை.

அன்று காலை அப்பாவுக்கு மூச்சுத் திணறிக் கால் துவண்டுவிட்டது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. கீழே ஆம்புலன்ஸ் நின்றது. மேல்பக்கம் நான், கீழ்ப்பக்கம் நாற்காலியின் முன்கால்களைத் தூக்கியபடி தம்பி. பாதி வழியில், "ஒரு நிமிஷம்க்கா" என்று முன்கால்களைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டுக் கையை எடுத்தான். மூச்சு வாங்குகிறான் என்று நினைத்தேன். நாற்காலி முன்னால் சாய்ந்தது. அப்பா சரியாமல் இருக்க மொத்தக் கனத்தையும் நான் இழுத்துப் பிடித்தேன். நிமிர்ந்தால் அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தில், எப்போதும் கழுத்தில் தொங்குகிற கேமரா. அப்பா பயந்துபோய் நனைத்துக்கொண்டது அப்போதுதான்.

சங்கத்தின் தலைவருக்கு நான் வைத்த பெயர் ஃப்ரேம் சார். வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான். அவர் எழுந்து சுவரருகே போய் அந்த ஈரத்தின் மேல் விரலை வைத்தார்.

"ஃப்ரேமோட உயிரே இதுதான். இந்த ஈரம் மட்டும் இல்லேன்னா சாதாரணக் குடும்பப் படம். வாசல்ல மாட்டறோம்."

கை தட்டினார்கள். தம்பியின் காது சிவந்தது, சந்தோஷத்தில்.

நான் எழுந்தேன். "அது எங்கப்பா. மாட்டக் கூடாது. அழிக்கணும்."

"வெளியாளுங்க பேசக் கூடாதும்மா" என்றார் ஃப்ரேம் சார், குழந்தைக்குச் சொல்வதுபோல. "உங்க வருத்தம் புரியுது. ஆனா கலைன்னா கொஞ்சம் சங்கடம் இருக்கத்தான் செய்யும்."

"யாருக்கு சார் சங்கடம்?"

அவர் சிரித்துக்கொண்டே தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அந்தச் சிரிப்புதான் என் பொறுமைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. நான் பார்சல் கிடங்கில் மூட்டை தூக்குகிறவள். அவர் பின்னால் போய் நாற்காலியின் சாய்வை இரண்டு கையாலும் பிடித்து, பின்கால்கள் தரையிலிருந்து எழும்பும்படி முன்னால் சாய்த்தேன். "ஏய், ஏய்" என்றார். அவர் கால் தரையில் வழுக்கியது. சட்டை மேலேறி வயிறு பிதுங்கியது. கீழே விழப்போகிற மனிதர் பிடிமானம் தேடவில்லை. இரண்டு கையாலும் சட்டையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார்.

"எடுங்க" என்றேன் எல்லாரையும் பார்த்து. "எல்லார் மடியிலயும் கேமரா இருக்குல்ல."

ஒருத்தர் கையும் அசையவில்லை. பல் டாக்டர் தரையைப் பார்த்தார். தம்பிதான் ஓடிவந்து முன்னால் மண்டியிட்டு அவர் முழங்காலைத் தாங்கிக்கொண்டான்.

"விடுக்கா, நான் புடிச்சுக்கிட்டேன்."

"இப்பப் புடிடா. இப்ப நல்லாப் புடி."

என் குரல் உடைந்ததில் எனக்கே எரிச்சல். நாற்காலியை இறக்கினேன். ஃப்ரேம் சார் போலீஸ், கேஸ் என்று ஏதேதோ சொன்னார். யாரும் போன் எடுக்கவில்லை. தம்பி மடிக்கணினியிலிருந்தும் கேமராவிலிருந்தும் படத்தை என் கண் முன்னால் அழித்தான். சுவர் வெறும் சுவரானது. வீடுவரை அவன் எனக்குப் பின்னால் நடந்து வந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். அழித்தாயிற்று என்றேன். தலையாட்டினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"படம் எப்படிம்மா இருந்துச்சு?"

வாசலில் தம்பி செருப்பைக் கழற்றாமல் நின்றான். நன்றாக இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் படத்தில் அப்பாவின் கை பின்னால் வளைந்து என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அவ்வளவு பயத்திலும் எனக்குக் கனக்கிறதே என்று அவர் முகம் தவித்தது. அன்று பின்னால் நின்ற எனக்கு அந்த முகம் தெரியவில்லை. அந்தச் சுவரில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"நல்லா இருந்துச்சுப்பா" என்றேன்.

தம்பி அழுதான். எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது.