ஆனந்திக்குத் தைத்தது

பேபி கைப்பேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, படத்தை விரலால் பெரிதாக்கினாள். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக ஆனந்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கவுனுக்குள்ள பிள்ள எம்புட்டு இருக்கான்னே தெரியல. தோளு பதினாலு இஞ்சு இருக்குமா?"

காட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் கணவர் வேல்சாமி திரும்பிப் பார்க்கவில்லை. "நம்மளக் கூப்பிட்டாவளா? ஸ்டேட்டஸ்ல போட்டா அது ஊருக்கே போட்டதுதான."

பேபியின் அம்மாவும் ஆனந்தியின் பாட்டியும் அக்கா தங்கை பிள்ளைகள். பசுவந்தனையில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு இவர்கள் கடைசியாகப் போனது ஆனந்திக்குக் காது குத்திய அன்று. அவள் பட்டம் வாங்கிய படத்தைப் பார்த்ததிலிருந்து பேபிக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதியம்புத்தூரில் தான் தையல் வேலைக்குப் போகும் யூனிட் பக்கத்திலேயே துணி எடுத்து, மூன்று நாள் சாயங்காலமும் வீட்டு மெஷினில் உட்கார்ந்து ஒரு சுடிதார் தைத்து முடித்திருந்தாள். மயில்கழுத்து நிறம்.

"ரெண்டு பக்கமும் உள்ள துணி விட்டுத்தான் தச்சிருக்கேன். பத்தலன்னா பிரிச்சுக்கிடலாம். ஞாயித்துக்கிழமை போயிக் கொடுத்துட்டு வருவமா?"

"கூப்பிடாத வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா என்ன நெனப்பாவ? பிள்ள இல்லாததுக, கடைசிக் காலத்துக்கு ஆள் பிடிக்க வந்திருக்குன்னு சொல்லுவாவ."

பேபி சுடிதாரை மடித்து, மடிப்பின் மேல் உள்ளங்கையை ஓட்டிக்கொண்டே இருந்தாள். வேல்சாமி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

மதியம் பக்கத்து வீட்டுச் சொர்ணத்தாய் போன் செய்தாள். வேல்சாமி ஓடி வந்து சேருமுன் எல்லாம் முடிந்திருந்தது. நெஞ்சைக் கரிக்கிறது என்று பேபி தண்ணீர் கேட்டாளாம். தண்ணீர் கொண்டு வருவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டாளாம். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் பேபியின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வேல்சாமியின் வயதைக் கேட்டார்கள். எதற்குக் கேட்டார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை.

மறுநாள் சுடுகாட்டில் எல்லாம் முடித்துக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு திரும்பியபோது, வந்தவர்களில் பாதிப் பேர் கிளம்பிப் போயிருந்தார்கள். பந்தலின் ஓரத்தில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்தாள்.

"பெரியப்பா, நான் ஆனந்தி. பசுவந்தனை."

அவர் கண் முதலில் அவள் தோளுக்குத்தான் போனது. பேபி நினைத்ததைவிட ஒல்லி. சுடிதாரைப் பிரிக்க வேண்டியிருக்காது, பிடிக்கத்தான் வேண்டியிருக்கும்.

"அம்மாவுக்கு முட்டுவலி, வர முடியல. வாட்ஸ்அப்ல பாத்ததும் கெளம்பிட்டேன். பஸ்ஸு கெடைக்கல. பெரியம்மா மொகத்தப் பாக்க முடியாமப் போச்சு."

வேல்சாமி தலையை ஆட்டினார்.

"போன வாரம் எனக்குப் போன் பண்ணுனாவ. ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வாரோம், எங்கயும் போயிராதடின்னு சொன்னாவ. அம்மா கோழி அடிக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. நான் பட்டம் வாங்குனதுக்குன்னு வீட்டுக்கு யாருமே வரல பெரியப்பா. நீங்கதான் மொதல்ல வாரீங்கன்னு..." துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வேல்சாமி வீட்டுக்குள் போனார். மெஷின் மேல் அந்தச் சுடிதார் மடித்தபடி இருந்தது. கையில் எடுத்துக்கொண்டு திரும்பினால், வாசல்படியில் சொர்ணத்தாய் நின்றாள்.

"அண்ணாச்சி, என்ன செய்யுதீங்க? துட்டி வீட்டுலருந்து கொமரிப் பிள்ளைக்குப் புதுத்துணியா?"

"இது அவளுக்குத் தச்சது."

"இருக்கட்டும். வாழப்போற பிள்ள. பதினாறு கழியட்டும்."

"நாளக்கழிச்சு ஓசூருக்கு வேலைக்குப் போறாளாம். வெளிய பேசிக்கிட்டாவ."

சொர்ணத்தாய் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதில் தப்பில்லை. பேபி இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

ஆனந்தி தோளில் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நாலரை பஸ்ஸை விட்டால் இருட்டிவிடும். இந்த வீட்டில் இன்றைக்குப் போகிறவர்கள் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. இருக்கிறவரும் 'போயிட்டு வா' என்று சொல்லக் கூடாது. அது இரண்டு பேருக்கும் தெரியும். இனி எப்போது ஊருக்கு வருவாய் என்று கேட்க அவருக்கு வாய் வரை வந்தது. அதுவும் ஆள் பிடிக்கிற பேச்சு மாதிரி பட்டது. கேட்கவில்லை. ஆனந்தி ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தெருவில் இறங்கி, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தாள். முக்குத் திரும்பும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் முறை.

அவர் பந்தலில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வெயில் தாழ்ந்தது. சொர்ணத்தாய் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். பந்தல்காரர் இசக்கிமுருகன் தார்ப்பாயை அவிழ்த்தார், கம்புகளைப் பிடுங்கினார், நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி லோடு ஆட்டோவில் ஏற்றினார். கடைசியாக வந்து, வேல்சாமியின் பக்கத்தில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அண்ணாச்சி... எப்படிக் கேக்கன்னு தெரியல. குறுக்குச்சாலையில ஒரு சடங்கு வீட்டுக்குப் பந்தல் போடணும். இந்த ஒரு சேர்தான் பாக்கி."

வேல்சாமி எழுந்துகொண்டார். இசக்கிமுருகன் அதையும் தூக்கிவைத்துக் கயிற்றைக் கட்டினார். ஆட்டோ கிளம்பிப் போனது. கம்பு பிடுங்கிய குழிகளுக்கு நடுவே, நாற்காலி கிடந்த இடத்திலேயே அவர் நின்றுகொண்டிருந்தார்.