என் காதுக்கு என்ன குறை

எனக்குக் காது கேட்கவில்லை என்று முடிவு கட்டியது எந்த டாக்டரும் இல்லை. என் மகன் வசந்தகுமார் வீட்டு ஹாலில் வாங்கி வைத்த ஆறு ஸ்பீக்கர் பெட்டிகள்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் அழகம்மாள். குளத்தூரில் மாவு மில் நடத்துகிறேன். மிளகாய், மல்லி, கேப்பை, புட்டு மாவு, சீயக்காய், எதைக் கொண்டுவந்தாலும் அரைத்துக் கொடுப்பேன். முதலில் என் மாமனார் அரைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிறகு என் வீட்டுக்காரர் ரத்தினவேல் கொஞ்ச நாள் அரைத்தார். மிளகாய் நெடி ஒத்துக்கொள்ளவில்லை என்று என் கையில் விட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து மில் என்றால் நான்தான். மகனைப் படிக்க வைத்தது, கத்தாருக்கு விமானம் ஏற்றியது, மருமகள் சுகுணாவைக் கொண்டுவந்தது எல்லாம் அந்த மிஷின் சத்தத்துக்குள்ளே நின்றுதான். அந்த மில்லைத்தான் என் காதைக் காரணம் காட்டி இழுத்துப் பூட்டப் பார்த்தார்கள்.

இந்த வருஷம் சித்திரையில் வசந்தகுமார் இனி கத்தாருக்குப் போகப்போவதில்லை என்று ஊருக்கு வந்துவிட்டான். வரும்போது ரிசீவர் என்று ஒரு கறுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தான். கட்டிய பெண்டாட்டியின் பையைக்கூட அவன் ஒருநாளும் அப்படித் தூக்கியதில்லை. பிறகு திருச்சியில் போய் ஸ்பீக்கர்கள் வாங்கிவந்தான்.

"இது சாதாரண சவுண்டு இல்லம்மா. அட்மாஸு. படத்துல மழை பேஞ்சா நம்ம தலைக்கு மேல பேயும். ஹெலிகாப்டர் போனா மேல போகும்" என்றான்.

"மழை மேல இருந்துதான்டா பேயும். அதுக்கு எதுக்குடா இத்தனை பெட்டி" என்றேன்.

டிவிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, சோபாவுக்குப் பின்னால் இரண்டு, டிவிக்கு நேர் கீழே நீளவாக்கில் ஒன்று, மூலையில் டம்டம் என்று தரையை அதிரவைக்கும் பெரிய பெட்டி ஒன்று. முதல் வாரம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. டிவிக்குக் கீழே இருந்த அந்த நடுப்பெட்டியில்தான் படத்து ஆட்கள் பேசுவார்கள். மற்றப் பெட்டிகளில் பாட்டும் சண்டையும் காற்றும் வரும். நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு குறை சொல்லவில்லை.

அவனுக்குத்தான் ஆசை அடங்கவில்லை. மேலே இருந்து சத்தம் வர வேண்டுமென்றால் கூரையிலும் ஸ்பீக்கர் மாட்ட வேண்டுமாம். சுகுணா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். "புதுசா பெயிண்ட் அடிச்ச கூரைங்க. அதுல ஒரு ஓட்டை விழுந்துச்சு, நான் எங்க ஊருக்குப் பஸ் ஏறிருவேன்."

அதற்கு இவன் என்ன செய்தான் தெரியுமா? போனில் ஏதோ வீடியோ பார்த்தான். மேலே பார்த்தபடி படுத்திருக்கும் ஸ்பீக்கர்கள் உண்டாம். அவற்றின் சத்தம் கூரையில் மோதி நம் தலையில் இறங்குமாம். அதற்கென்றே செய்த பெட்டிகள் தனி. இவன் அதையெல்லாம் யோசிக்கவில்லை. டிவிக்குக் கீழே இருந்த நடுப்பெட்டியை, பேசுகிற அந்தப் பெட்டியை, எடுத்துக்கொண்டுபோய் டிவிக்கு மேலே இருக்கும் பரணில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டான். பரணில் என்ன இருக்கும்? அண்டா, குண்டான், பழைய தலையணை, குளிருக்கான போர்வை. அவற்றுக்கு நடுவில். இருக்கிற பெட்டிகளை வைத்தே மேலே கேட்பதுபோலச் செய்ய அந்த ரிசீவரிலேயே வசதி இருக்கிறது என்று பிறகு அவனே சொன்னான். கூட வந்த புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் துரை குறைந்து போய்விடுவார்.

அப்போது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் மில்லிலிருந்து வந்தபோது டிவிக்குக் கீழே இடம் காலியாக இருந்தது. நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து படத்தில் கதவு சாத்தினால் வீடு இடிந்து விழுகிற மாதிரி கேட்கும். கார் போனால் சோபாவைச் சுற்றிக்கொண்டு போகும். ஆள் வாயைத் திறந்தால் மட்டும் துணியைக் கவ்விக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். மகனுக்கும் மருமகளுக்கும் அது உறைக்கவே இல்லை. எந்தப் படம் போட்டாலும் கீழே இங்கிலீஷ் எழுத்து ஓட வேண்டும் அவர்களுக்கு. தமிழ்ப் படத்துக்கும் இங்கிலீஷ் எழுத்து. கண்ணால் வாசித்துவிட்டுக் காதால் கேட்டதாக நினைத்துக்கொள்வார்கள். எனக்கும் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத் தெரியும். ஆனால் நான் ஒரு சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் அந்த வரி போய் அடுத்த வரி வந்துவிடும்.

"என்னடா சொல்றான் அவன்?" என்று கேட்பேன். முதலில் பதில் சொன்னார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் ஓரத்து நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். அவர் எதையும் கேட்க மாட்டார். படம் ஓடினாலும் விளம்பரம் ஓடினாலும் அவருக்கு ஒன்றுதான்.

ஒருநாள் சுகுணா மெதுவாக ஆரம்பித்தாள். "அத்தை, ஒங்களுக்குக் காது கொஞ்சம் மந்தமா இருக்கோ?"

"அந்த மிஷினுக்குள்ளயே கெடந்தா காது என்னத்துக்கு ஆகும்" என்றான் மகன்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "வாடா, இப்பவே புதுக்கோட்டைக்குப் போவோம். டாக்டர் பாத்துச் சொல்லட்டும்."

"அதான் தெரியுதேம்மா. இதுக்கு எதுக்கு டாக்டரு."

டாக்டர் வேண்டாமாம். ஆனால் காதில் மாட்டுகிற மிஷின் வேண்டுமாம். கூரியரில் வந்தது. அளவும் பார்க்கவில்லை, சோதனையும் செய்யவில்லை, செருப்பு வாங்குகிற மாதிரி வாங்கிவிட்டான். சரி, பிள்ளை ஆசைப்படுகிறானே என்று மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போனேன். சுவிட்சைப் போட்டதுதான் தாமதம், மண்டைக்குள் பத்து மில் ஓடியது. பிடுங்கித் தவிட்டு மூட்டைக்குள் எறிந்தேன்.

அதையும் அவன் எனக்கு எதிராகத் திருப்பினான். "பாத்தியா, அதுவும் ஒத்துக்கலை. இனிமே நீ மில்லுல நிக்கிறது ஆபத்து. பெல்ட்ல சேலை மாட்டினா நாங்க பின்னாடி நின்னு கத்தினாலும் ஒனக்குக் கேக்காது. வீட்டுல இரு, நான் பாத்துக்கிறேன்."

அவன் கரிசனத்தில் பொய் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். பொய்யாக இருந்தால் நான்கு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருப்பேன்.

வீட்டோடு விட்டானா? டீக்கடையில் சொல்லியிருக்கிறான். வடக்குத் தெரு ஆண்டிச்சாமி அண்ணன் மல்லி கொண்டுவந்தவர், என் காதோரம் குனிந்து எச்சில் தெறிக்கக் கத்தினார். "ஏத்தா, மல்லி. மல்லி. வறுத்தது."

"ஏண்ணே இப்படிக் கத்துறீங்க? நான் என்ன ஆத்துக்கு அங்கிட்டா நிக்கிறேன்?"

"ஒம் மகன்தான் சொன்னான் ஆத்தா, காது போச்சுன்னு. மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லாம் கையால் ஜாடை காட்ட ஆரம்பித்தார்கள். அரிசி என்று சொன்னால் நான் உளுந்தை எடுத்துவிடுவேன், மிளகாய் அரைத்த மிஷின் வாயில் பிள்ளைக்கான கஞ்சி மாவைப் போட்டுவிடுவேன் என்று பயம் வந்துவிட்டது. இரண்டு பேர் தூக்குவாளியோடு கீரனூருக்குப் பஸ் ஏறியதை என் கண்ணாலேயே பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மானம் போனதுபோல இருந்தது.

வியாழக்கிழமை சாப்பிடும்போது வசந்தகுமார் சொன்னான். "கீரனூர்ல ஒருத்தர் மிஷினு, மோட்டார் எல்லாத்தையும் எடுத்துக்கிறேன்னுட்டார். திங்கக்கெழம வண்டி வருது."

"யாரைக் கேட்டுடா பேசுன?"

"அப்பாவைக் கேட்டேனே."

நான் அவரைப் பார்த்தேன். "ஏங்க, நீங்க சொல்லுங்க. எனக்குக் காது கேக்கலையா?"

அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார், "புள்ள ஒன் நல்லதுக்குத்தான சொல்றான்."

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதை எங்கே போய்ச் சொல்வேன்? மூன்று பேர் ஒரே குரலில் சொன்னால் யாருக்குத்தான் வராது. மில்லில் தனியாக நின்று விரலைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்தேன். கேட்டது. ஒருவேளை கேட்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறதோ என்றுகூட நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டில் விசேஷத்துக்குப் பெரிய அண்டா கேட்டார்கள். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல முணுமுணுப்பு. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். என் தலை பரணுக்கு மேலே போனதும், செய்தி வாசிக்கிறவன் என் பக்கத்தில் நின்று பேசினான். மணமேல்குடிப் பக்கம் கடலுக்குப் போனவர்கள் கரை திரும்பினார்கள் என்றான். ஒரு எழுத்துக்கூட மழுங்கவில்லை.

இறங்கினேன். முணுமுணுப்பு. மறுபடி ஏறினேன். தெளிவாகப் பேசினான். தலையணையைத் தள்ளினேன். குண்டானுக்கும் போர்வைக்கும் நடுவில் அந்த நீளப் பெட்டி கூரையைப் பார்த்து மல்லாந்து கிடந்தது.

எத்தனை பேர் என் காதில் வந்து கத்தினார்கள். எத்தனை பேர் பாவம் என்று பார்த்தார்கள். பெட்டியை ஒயரோடு இழுத்துக்கொண்டு இறங்கினேன். டிவிக்குக் கீழே பழைய இடத்தில், சோபாவைப் பார்த்தபடி டம்மென்று வைத்தேன். செய்தி ஹால் முழுக்கக் கணீரென்று கேட்டது.

சத்தம் கேட்டு வசந்தகுமார் உள்ளே இருந்து வந்தான். "ஏம்மா அதை எடுத்த?" என்றவன் பாதியில் நின்றான். ரிமோட்டை எடுத்து முதல்நாள் பார்த்த படத்தையே போட்டான். கீழே ஓடிய எழுத்தை அணைத்தான். இரண்டு பேர் சண்டை போட்டார்கள், ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அந்தக் கூறுகெட்டவன் முதலில் சொன்னது என்ன தெரியுமா?

"அட, டயலாக் செமயா வருதே."

"வரும்டா. நல்லா வரும். பேசுற வாயைப் பரண்ல மல்லாக்கப் போட்டுட்டு, என்னைய செவிடின்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தியேடா. நான் ஒன்னையக் கேட்டப்ப ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பெட்டி மேல சந்தேகம் வந்துச்சா ஒனக்கு? பெத்தவ காது போயிருக்கும்னு நெனைக்கத் தெரிஞ்சுச்சு. நீ வச்சது தப்பா இருக்கும்னு நெனைக்கத் தெரியலை."

அவன் முகம் செத்துவிட்டது. "தெரியாமப் பண்ணிட்டேம்மா" என்றான். சுகுணா கண்ணைத் துடைத்தாள்.

"அந்தக் கீரனூர் ஆளுக்குப் போனைப் போடு."

போட்டுக் கொடுத்தான். நான் பேசுகிறேன் என்று தெரிந்ததும் அந்த ஆள் தொண்டை கிழியக் கத்தினார். "கத்தாதீங்க. நல்லாக் கேக்குது. மில்லு குடுக்குறதா இல்லை. வண்டி அனுப்பாதீங்க" என்று வைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அதே ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை. அப்போதுதான் எனக்கு அது உறைத்தது.

"இவன் கத்தார்ல இருந்தவன். சுகுணா நேத்து வந்தவ. நீங்க? இத்தனை வருஷம் எங்கூட இருக்கீங்களே. ஒங்களுக்குமா தெரியலை?"

அவர் தரையைப் பார்த்தார். "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"காது கேக்கும்னு தெரியும். உள் ரூம்புல நான் லேசா இருமினாலே அடுப்படியில இருந்து தண்ணியோட வந்து நிக்கிறவ நீ. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கலை?"

"நீ மில்லை விட்டுட்டா பகல்ல வீட்டுல இருப்பியேன்னு பாத்தேன். மத்தியானம் நான் மட்டும் ஒக்காந்து ஆறிப்போனதைத் திங்கிறேன். சலிச்சுப் போச்சு அழகு."

எனக்கு அழுகை வந்தது. இரக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது. மத்தியானத்துக்குத் துணை வேண்டும் என்று என்னிடம் கேட்டிருந்தால் மில்லை ஒரு மணிக்குச் சாத்திவிட்டு வந்திருக்க மாட்டேனா? ஊரே என்னைச் செவிடி என்றபோது இவர் உள்ளுக்குள் தெரிந்துவைத்துக்கொண்டு ரசம் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார். மகன் செய்தது முட்டாள்தனம். அவனை இரண்டு நாளில் மன்னித்துவிடுவேன். இவரை என்ன செய்ய? நான் அதற்கு மேல் அவரோடு பேசவில்லை.

திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்கு மில்லைத் திறந்தேன். ஆண்டிச்சாமி அண்ணனும் நான்கைந்து பெண்களும் வரிசையில் நின்றார்கள். நேற்று நடந்தது ஒருவருக்கும் தெரியாது. அதே ஜாடை, அதே கையாட்டல். கேப்பையைக் கொட்டி மிஷினை ஓடவிட்டு நின்றேன். பின்னால் வாசலில் என் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"அழகு. டீ கொண்டாந்திருக்கேன்."

நான் திரும்பவில்லை.

"அழகு."

ஆண்டிச்சாமி அண்ணன் அவருக்கு இரங்கினார். "முன்னாடி போயி நின்னு கையைக் காட்டுய்யா ரத்தினவேலு. அங்கிட்டு நின்னு கூப்பிட்டா எப்படி? அதுக்குத்தான் காது போச்சே, பாவம்."

நான் மிஷினைப் பார்த்தபடியே நின்றேன். இப்போதும் இந்த மனிதர் பேசாமல் இருந்துவிட்டால், இந்த ஊரில் என் மில்லுக்கு இனி யார் வருவார்கள்? மகன் தண்டோரா போட்டு மறுத்தாலும் அம்மாவுக்காகப் பேசுகிறான் என்பார்கள். கூட வாழ்கிறவர் சொல்ல வேண்டும்.

அவர் சொன்னார். மிஷின் சத்தத்தையும் தாண்டி, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அவளுக்குக் காதெல்லாம் நல்லாக் கேக்கும்ணே. எந்நாளும் கேட்டுச்சு. எனக்குத் தெரியும், தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன். எம் மேல கோவத்துல நிக்கிறா."

வரிசையில் ஒருத்தி சிரித்தாள். மற்றவர்கள் அவர் முகத்தையும் என் முதுகையும் மாறி மாறிப் பார்த்திருக்க வேண்டும். அப்போதும் நான் திரும்பவில்லை. மாவு படாத இடமாகப் பார்த்து டீயை வைத்துவிட்டுப் போகும்படி கையை மட்டும் காட்டினேன்.