அமாவாசை மேட்னி

"தியேட்டர்ல வேலைன்னு அண்ணன் சொன்னார். தினமும் படம் பாப்பீங்களா?"

"பாக்கறதில்லமா. ஓட்டறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"கல்யாணத்துல சமைக்கறவனும் பந்தியில உக்காந்து சாப்பிடறவனும் ஒண்ணா?"

சங்கரி சிரித்துவிட்டாள். பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படிச் சிரிக்கலாமா என்று தெரியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எதிரே நின்ற தேவேந்திரனுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"கல்யாணத்துக்கு அப்புறம் நீ எந்தப் படம் வேணும்னாலும் வந்து பாரு. பால்கனியில முதல் வரிசை. பண்டிகை நாள்ல ஊரே வெளியில நின்னாலும் உனக்கு சீட் இருக்கும்."

"நீங்க?" என்று அவள் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அண்ணன் தறிக்கூடத்து வாசலில் நின்று செருமினார். கொடுத்த ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது. தேவேந்திரன் காபி டம்ளரைத் தறியின் கட்டை மேல் வைத்துவிட்டு, அது வைக்கக் கூடாத இடம் என்று புரிந்து மறுபடி கையில் எடுத்துக்கொண்டு போனான்.

அது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அன்றைக்கு நின்றுபோன கேள்வி இன்னும் அவளிடம்தான் இருந்தது.

தேவேந்திரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மங்களா தியேட்டர் பால்கனியில் முதல் வரிசை, பதினொன்றும் பன்னிரண்டும் சங்கரிக்கு. பன்னிரண்டில் அவள் உட்காருவாள். பதினொன்றில் அவளுடைய பையும் முறுக்குப் பொட்டலமும். மகள் சந்தியா சின்னக் குழந்தையாக இருந்தபோது மடியில் இருந்தாள். இப்போது பத்து வயது. மாமா மகள்களோடு பின்வரிசையில் உட்கார்ந்து கிசுகிசுப்பதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. பொங்கல், தீபாவளி, அரைப்பரீட்சை லீவு எல்லாமே சங்கரிக்கு இப்படித்தான் போயின. சுற்றிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். எந்தச் சிரிப்புக்கும் பக்கத்தில் திரும்பிப் பார்க்க ஒரு முகம் இருக்கும். அவள் திரும்பினால் முறுக்குப் பொட்டலம்.

கேட்டிருக்கலாம். ஆனால் எப்படிக் கேட்பது? ஊருக்குப் பண்டிகை என்றால் அவனுக்கு வேலை. பங்குனி உத்திரத்தன்று குருக்களிடம் போய், "கருவறையை விட்டு வெளியே வாங்க, கூட்டத்துல என்னோட நின்னு சாமி கும்பிடுங்க" என்று கேட்க முடியுமா?

அவன் வேலைக்குச் சேர்ந்தபோது பிலிம் சுருள் காலம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சுருள் மாற்ற வேண்டும். அசந்தால் திரை வெள்ளையாகிவிடும், நாற்காலி உடையும். அப்புறம் புது மெஷின் வந்தது. அதைப் பற்றிச் சங்கரிக்கு அதிகம் தெரியாது. அவன் மேலே கேபினில்தான் இருந்தான், படம் முடிந்துதான் இறங்கினான். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம். கூட்டம் நிறைந்தால் அரை புள்ளி ஏற்றுவான். பாட்டு வந்தால் இன்னும் கொஞ்சம். திரையில் எந்தத் தாயாவது அழ ஆரம்பித்தால் மட்டும் மெல்லக் குறைத்துவிடுவான். அவனால் அந்த அழுகையைத் தாங்க முடியாது. அந்தக் குறைவு அரங்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது. இருட்டில் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்வது போல அது அவளுக்கு மட்டும் வந்து சேரும்.

இந்தப் பொங்கலுக்கு முதலாளி ராமராஜன் ஒரு காரியம் செய்தார். புதுப்படமெல்லாம் பெரிய தியேட்டர்களுக்குப் போய்விட்டதால், பழைய குடும்பப் படங்களாக நாலு எடுத்து, நாளுக்கு ஒன்று என்று போஸ்டர் ஒட்டிவிட்டார். காணும் பொங்கலுக்கு மறுநாளே தை அமாவாசை. அமாவாசையன்று நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடாது. அதனால் அன்றைய மேட்னிக்குக் கூட்டம் நிச்சயம் என்பது அவர் கணக்கு.

முதல் இரண்டு நாளும் சத்தம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. காணும் பொங்கல் மேட்னியில் விஷயம் வெடித்தது. படத்தில் மகனைப் பிரிந்த தாய் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். சங்கரி வழக்கம்போல அந்தக் குறைவுக்காகக் காத்திருந்தாள். அழுகை சரவெடி மாதிரி வந்தது. கீழே ஒரு கைக்குழந்தை வீறிட்டது.

"யோவ் ஆபரேட்டரு, அந்தம்மாவே அழுவுது, அத்த ஏம்பா இன்னும் கத்த வைக்கற?"

"செவுடனுக்கா படம் ஓட்டறீங்க?" என்றது இன்னொரு குரல். அரங்கமே சிரித்தது. ராமராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேபின் படியேறுவது பால்கனியிலிருந்து தெரிந்தது.

சங்கரி சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வீட்டில் டிவி சத்தம். போனை எப்போதும் வலது காதுக்கே கொண்டுபோவது. கூப்பிட்டால் அப்பா திரும்பாததைப் பார்த்துச் சந்தியா அடித்த ஜோக்: "அப்பாவுக்கு இந்தப் பக்கம் டவர் கிடைக்கலம்மா."

சாயங்காலக் காட்சிக்கு முன்னால் அவன் காபி குடிக்க வீட்டுக்கு வந்தான். சங்கரி அவன் இடப்பக்கம் நின்று, சாதாரணக் குரலில், "கரும்பு உரிச்சு வைக்கட்டுமா?" என்று கேட்டாள். அவன் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தான். வலப்பக்கம் வந்து அதையே கேட்டாள்.

"வையேன்," என்று நிமிர்ந்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தான்.

"எத்தினி நாளா?" என்றாள்.

"ஆறு மாசம். ஆடியில ஜுரம் வந்துச்சே, அப்பவே இடது காது போச்சு. இப்போ வலதும் பாதி ஆயிடுச்சு."

"டாக்டரப் பாத்தீங்களா?"

"பாத்தேன். காதுக்கு மிஷின் வைக்கச் சொல்றாரு. வெச்சா நல்லா கேக்குமாம்."

"அப்புறம் ஏன் வைக்கல? என்கிட்ட ஏன் சொல்லல?"

"மிஷின் வெச்சிக்கினு போனா முதலாளி பாக்க மாட்டாரா? ஆபரேட்டருக்குக் காதுதான் சங்கரி. அது போச்சுன்னா எனக்கு வேற இன்னா தெரியும்? நாளைக்கு மேட்னியில இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பன்னிரண்டு வருடத்தில் அவன் பயந்து அவள் பார்த்ததில்லை.

சங்கரி பகலெல்லாம் அண்ணி இந்திராணியோடு தறியில் இருப்பவள். கோர்வைச் சேலையை ஒருவரால் நெய்ய முடியாது. இந்திராணி நடுவில் உட்கார்ந்து உடலை நெய்வாள். சங்கரி ஓரத்தில் உட்கார்ந்து, வேறு நிறக் கரைக்கு நூல்கண்டு வைத்த நாடாவை எறிவாள். தறிச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. ஒரு முழங்கை இடி என்றால் நிறுத்து. ஒரு தலையசைப்பு என்றால் போடு. அந்த இரண்டை வைத்தே ஆறு கஜமும் முடிந்துவிடும்.

"கேபின் கண்ணாடி வழியா பாத்தா என் சீட்டு தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாம என்ன? தினமும் அதைத்தானே பாத்துக்கினு இருக்கேன்."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். சங்கரி தன் கொண்டையை ஒருமுறை சரிசெய்துகொண்டாள்.

"அப்போ கேளுங்க. நான் கொண்டையில கை வெச்சா சத்தத்தைக் கொறைங்க. பக்கத்து சீட்டு முதுகுல கை வெச்சா ஏத்துங்க. ரெண்டும் இல்லன்னா அப்படியே விடுங்க."

மறுநாள் காலை ஊர் முழுக்கத் தர்ப்பணம், படையல், காக்கைக்குச் சோறு. இரண்டு மணிக்கெல்லாம் வாழைக்காய் வறுவல் வாசனையோடு பிள்ளையார்பாளையமே தியேட்டருக்குள் வந்துவிட்டது. ராமராஜன் பால்கனி வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சங்கரியைப் பார்த்து, "வாம்மா," என்றவர் முகத்தில் சிரிப்பில்லை.

விளக்கு அணைந்தது. முதல் வசனமே காதில் அறைந்தது. சங்கரியின் கை கொண்டைக்குப் போனது. இரண்டு நொடியில் சத்தம் இறங்கியது. இன்னும் கொஞ்சம். போதும். கையை எடுத்தாள். கூட்டம் அடங்கி உட்கார்ந்ததும் வசனம் அமுங்குவது போலிருந்தது. பதினொன்றாம் இருக்கையின் முதுகில் கையை வைத்தாள். ஏறியது.

"இன்னாடி அது, தலையில கை, சீட்டுல கை?" பின்வரிசையிலிருந்து இந்திராணி குனிந்தாள். "பேன் புடிச்சிருக்குதா?"

"படத்தைப் பாருங்க அண்ணி."

"எங்க பாக்கறது? உன் கைதான் குறுக்க வருது."

கதாநாயகியின் அம்மா ஆஸ்பத்திரியில் மகளின் தலையைத் தடவிக்கொண்டே அழத் தொடங்கினாள். சங்கரி கொண்டையைத் தொட்டாள். அழுகை மெல்ல மெல்லத் தணிந்து, கடைசியில் பெருமூச்சு அளவுக்கு வந்து நின்றது. கீழே எங்கோ யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இந்திராணி முந்தானையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டாள். சங்கரி வாசல் பக்கம் பார்த்தாள். ராமராஜன் அங்கே இல்லை. எப்போதோ நகர்ந்து போய்விட்டிருந்தார்.

இடைவேளைக்கு விளக்கு போட்டதும் தேவேந்திரன் பால்கனிக்கு இறங்கி வந்தான். இடைவேளையில் அவன் இறங்கி அவள் பார்த்ததே இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"முதலாளி முதுகுல தட்டிட்டுப் போனாருமா. 'இன்னிக்குத்தான்யா பழைய தேவேந்திரன்'னு சொன்னாரு. நீ இருக்கறப்போ எனக்கு இன்னா பயம்? இனிமே லீவு நாள் ஒண்ணு விடாம நீ வந்துடு. அந்த சீட்டுலயே உக்காரு. நீதான் எனக்குக் காது."

சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் தலை நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க வேறு என்ன வேண்டும்? ஆனால் இப்போது தலையாட்டினால் அவள் பன்னிரண்டிலும் அவன் மேலேயும் இருக்க வேண்டியதுதான். இதுவரை அது பழக்கம். இனி அது ஏற்பாடு ஆகிவிடும். போதாததற்கு, இத்தனை நேரம் ஓடிய படத்தில் கதாநாயகி பெயர்கூட அவள் மனதில் நிற்கவில்லை.

"கொஞ்சம் இருங்க, நானும் மேல வரேன்," என்றாள்.

கேபினுக்குள் அவள் கடைசியாக வந்தது கல்யாணமான புதிதில். அப்போது இரண்டு பெரிய மெஷின்களும் பிலிம் வாசனையும் சூடுமாக நிற்க இடம் இருக்காது. இப்போது ஒரே ஒரு பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் கைக்கு எட்டும் தூரத்தில் சத்தத்துக்கான திருகு. சின்னத் திரையில் எண்கள் தாமாகக் குறைந்துகொண்டு வந்தன. பூஜ்யம் வந்ததும் மணி அடித்தது, அரங்க விளக்குகள் தாமாக மங்கின, படம் தொடங்கியது. தேவேந்திரன் எதையும் தொடவில்லை.

சங்கரி அவன் வலப்பக்கம் போய் நின்றாள்.

"இது தானாவே ஓடுதா?"

"காலையில நேரத்தைப் போட்டு வெச்சா போதும். ராத்திரி வரைக்கும் அதுவே பாத்துக்கும்."

"அப்போ நீங்க இங்க இன்னா பண்றீங்க?"

"இருக்கறேன்."

"எதுக்கு?"

அவன் யோசித்தான். "கேபினை விட்டு எறங்கினா அவன் ஆபரேட்டரே இல்லன்னு வேலை கத்துக்குடுத்த எங்க வாத்தியார் சொல்லுவாரு. சுருள் மாத்தின காலத்துல. அப்படியே இருந்துட்டேன்." பிறகு, தன்னையே சமாதானம் செய்துகொள்வது போல, "சத்தம் பாக்கணுமே," என்றான்.

சங்கரி திருகைப் பார்த்தாள். முள் நாலரையில் நின்றது. அழுகை முடிந்ததும் அவள் கை மறுபடி ஏற்றச் சொன்ன இடம்.

"ஆரம்பத்துல கொஞ்சம், அழுவற எடத்துல கொஞ்சம். மத்த நேரமெல்லாம் இதுலதானே இருந்துச்சு?"

"ஆமா."

"சரி. நாளைக்குக் காலையில நாம காது மிஷின் வாங்கப் போறோம். முதலாளிகிட்ட நானே சொல்றேன். கண்ணு மங்கினவங்க கண்ணாடி போட்டுக்கினு தறி நெய்யலையா? அவரே மூக்குல ஒண்ணு மாட்டிக்கினுதானே சுத்தறாரு? புரிஞ்சிப்பாரு."

அவன் மெதுவாகத் தலையாட்டினான். மறுக்கத் தெம்பில்லாமல் ஆட்டினானா, பாரம் இறங்கி ஆட்டினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் ஆட்டினான். திறந்திருந்த கேபின் கதவு வழியாக, பால்கனியின் முதல் வரிசையில் அவளுடைய பையும் முறுக்குப் பொட்டலமும் உட்கார்ந்து படம் பார்ப்பது தெரிந்தது.

"அப்புறம் ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள். திரையில் பாட்டு தொடங்கியிருந்தது.

"ஆங்?" என்று வலது காதை அவளிடம் சாய்த்தான்.

"ஒண்ணு கேக்கணும்..."

"பாட்டுல ஒண்ணும் கேக்கலமா. சத்தமா சொல்லு."

பன்னிரண்டு வருடமாக அதை எப்படியெல்லாமோ சொல்லிப் பார்த்திருக்கிறாள். குளிக்கும்போது, தறியில் நாடாவை எறிந்துகொண்டே, காலியான இருக்கையைப் பார்த்துக்கொண்டே. எல்லாமே மனதுக்குள். கத்திச் சொல்ல வேண்டி வரும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. முகம் சுட்டது. கதவைச் சாத்தலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சாத்தாமலே மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"கீழ வாங்க," என்றாள், பாட்டுக்கு மேலே. பின்வரிசையில் இந்திராணி திரும்பினாள், அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் திரும்பினார்கள். "கீழ வந்து என் பக்கத்துல உக்காருங்க. ஒரு படமாவது நாம ரெண்டு பேரும் சேந்து பாக்கணும்."