எல்லாம் சொந்த வீக்கம்

தலைமையாசிரியருக்கு அந்த வருடம் ஒரே ஆசை, முழு வருகைக் கேடயம். அதை வைக்கக் கண்ணாடி அலமாரிகூட வாங்கிவிட்டார். இனி ஒரு பிள்ளை லீவு போட்டாலும் கேடயம் பக்கத்துப் பள்ளிக்குப் போய்விடும்.

அந்த நேரம் பார்த்து, ஐந்தாம் வகுப்பு வாயாடி கன்னம் உப்பி வந்து நின்றாள்.

"பொன்னுக்கு வீங்கி சார். மத்த பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும். வீட்டுக்கு அனுப்பிடலாம்," என்றார் வகுப்பு டீச்சர்.

தலைமையாசிரியர் கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். "பல்வலியா இருக்கும் டீச்சர்."

"பல்லெல்லாம் நல்லா இருக்கு சார்," என்றாள் வாயாடி. "முழுங்கினாத்தான் உயிர் போகுது."

"நீ சும்மா இரும்மா."

யோசித்தார். பொன்னுக்கு வீங்கியைத் தடுக்க விழிப்புணர்வு நாடகம் போடும்படி கல்வி அலுவலகம் சொல்லியிருந்தது. அதிகாரி வந்து பார்த்து, அந்த மேடையிலேயே கேடயத்தையும் கொடுப்பார்.

"நோயாளி வேஷம் இவளுக்குத்தான். நடிக்கிற பிள்ளைய எப்படி வீட்டுக்கு அனுப்புறது?"

ஒத்திகை நூலக அறையில் நடந்தது. பக்கத்துப் பள்ளிக்காரர்கள் வசனத்தைத் திருடிவிடக் கூடாதென்று ஜன்னல்களையெல்லாம் சாத்தச் சொன்னார். ஒருவர் குடித்த டம்ளரில் இன்னொருவர் குடிக்கக் கூடாது என்பது முக்கியக் காட்சி. முதலில் எல்லாரும் ஒரே டம்ளரில் குடிப்பார்கள். அப்புறம் புத்தி சொல்வார்கள். தத்ரூபமாக இருக்க வேண்டுமே என்று அவரே வாங்கிக் குடித்துக் காட்டினார்.

இரண்டு வாரத்தில் வாயாடியின் வீக்கம் வடிந்தது. நோயாளிக்கு எங்கே போவது என்று அவர் கவலைப்பட்டு முடிப்பதற்குள், டம்ளர் கோஷ்டி ஒவ்வொருவராக வீங்கத் தொடங்கியது.

"நடிப்பு நம்ம பிள்ளைங்க ரத்தத்துலயே இருக்கு டீச்சர்."

"ரத்தத்துல இல்ல சார், எச்சில்ல."

நாடகத்தன்று காலை அவர் முகத்தைப் பார்த்த மனைவி, "என்னங்க இது, பூசணிக்காய் மாதிரி? பேசாம படுங்க," என்றாள்.

"நானே லீவு போட்டா நல்லாவா இருக்கும்?" பல்லைக் கடித்தபடி சொல்லிவிட்டு, மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து ரசித்தார். முடிந்ததும் மேடையேறி, "மேக்கப் பிரமாதம்," என்று ஒரு பையனின் கன்னத்தை அமுக்கினார். பையன் அலறினான்.

"பஞ்சு வைக்கலையா?"

"இல்லைங்க சார்," என்றாள் வாயாடி. "எல்லாம் சொந்த வீக்கம்."

அதிகாரி கையைக் கைக்குட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். "வீங்கினவங்க எல்லாரும் இப்பவே வீட்டுக்குப் போங்க."

வாயாடியைத் தவிர மேடை காலியானது. டிரைவர் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார். தலைமையாசிரியர் பதறி ஓடிவந்து அதிகாரியை மறித்தார். தாடை திறந்தால்தானே பேச்சு வரும்? கெஞ்சிய வேகத்தில் மஃப்ளர்தான் நழுவியது.

அதிகாரி இரண்டடி பின்வாங்கினார். "நீங்க எந்தக் காட்சியில வர்றீங்க சார்?"

"டம்ளர் காட்சிங்க," என்றாள் வாயாடி. "எங்களுக்குக் குடிச்சுக் காட்டினதே அவர்தான்."