அமிர்தலிங்கத்திடம் சொல்லாதது

பெரம்பலூரில் அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களுக்கான அந்த இல்லத்தில் கலையரசி சேர்ந்து பதினேழு வருடம் ஆகியிருந்தது. சட்டைப் பொத்தான் போடுவது, காய் நறுக்குவது, கடையில் சோப்பு கேட்டு வாங்குவது என்று இருபத்திரண்டு பேருக்கும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். எல்லாருக்கும் அவள் டீச்சர்.

தன் வேலைக்குச் சாட்சியாக அவள் காட்டுவது அமிர்தலிங்கத்தைத்தான். முப்பத்தெட்டு வயது. எழுத்துக் கூட்டத் தெரியாது. 'அரியலூர்' என்ற பலகையை ஒரு படம்போல அவன் மனதில் பதியவைக்க அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதன்பின் பொங்கலுக்குத் தனியாகவே பஸ் ஏறி, அரியலூரில் வண்டி மாறி, திருமானூரில் வீட்டு வாசலில் போய் நின்றான். மற்ற நாட்களில் அவன் அம்மா கொளஞ்சியம்மாள் மாதம் இரண்டு ஞாயிறு வந்து பார்ப்பாள். வந்ததும் முதல் வேலையாக மகனின் நகத்தை வெட்டிவிடுவாள். வேறு யார் வெட்ட வந்தாலும் அவன் கையை இறுக மூடிக்கொள்வான்.

ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவன் தம்பி அறிவழகன் போன் செய்தான்.

“அம்மா தவறிட்டாங்க டீச்சர். சாயங்காலம் எடுக்கறோம்.”

“அமிர்தத்தக் கூட்டிக்கிட்டு இப்பவே கெளம்பறேன் தம்பி.”

“வேண்டாங்க. கூட்டம், மேளச்சத்தம்... அண்ணன் மெரண்டுடும். அதுக்கு என்னா புரியப் போவுது? நீங்களே பக்குவமா எதாச்சும் சொல்லிக்குங்க.”

அது சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு இல்லத்தில் இரண்டு பேர் லீவு. ஒருமுறை வேட்டுச் சத்தத்துக்கு அவன் ரோட்டில் இறங்கி ஓடியதும் நினைவுக்கு வந்தது.

“சரிங்க தம்பி” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் குளித்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேட் அருகே உட்கார்ந்திருந்தான்.

“அம்மா எப்ப வரும் டீச்சர்?”

“வெளியூருக்குப் போயிருக்காங்க அமிர்தம். வருவாங்க.”

முதல் பொய் சுலபமாக வந்துவிட்டது. அடுத்த முறை சொல்லிவிடலாம், அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் தள்ளினாள். அவன் சாப்பிடாமல் மதியம்வரை காத்திருந்தான். நகம் நீண்டு அழுக்கேறியது. நகவெட்டியை எடுத்துப் போனால், “அம்மா வெட்டும்” என்றான். இப்படியே கார்த்திகை வந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவனைக் காணவில்லை. வெள்ளைச் சட்டையையும் காணவில்லை. கலையரசி அடுத்த பஸ்ஸில் ஏறினாள். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் விசாரித்தாள்.

“வெள்ளச் சட்ட போட்டவரா? திருமானூர் வண்டி எதுன்னு கேட்டாரு. நான்தான் ஏத்தி வுட்டேன்.”

வீட்டு வாசலில் அறிவழகனின் மனைவி இலக்கியா நின்றிருந்தாள். அறிவழகன் வேலைக்குப் போயிருந்தான். “வந்து ஒரு மணி நேரமாச்சுங்க. வாயே தொறக்க மாட்டேங்கறாரு.”

உள்ளே சுவரில் கொளஞ்சியம்மாளின் போட்டோ. அதன் கீழே அமிர்தலிங்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கத்தவில்லை, எதையும் உடைக்கவில்லை.

“மால போட்டுருக்கு” என்றான், திரும்பாமல். “அப்பாவுக்கும் போட்டுருக்கு. அப்பா செத்துப்போச்சு.” பிறகு நிமிர்ந்து அம்மாவின் போட்டோவைப் பார்த்து, “அம்மாவும் செத்துப்போச்சு.”

“ஆமா அமிர்தம்.”

“டீச்சருக்குத் தெரியுமா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். “தெரியும்.”

“வெளியூருக்குன்னு சொன்னீங்க.”

கலையரசி தரையில் உட்கார்ந்தாள். “தப்புப் பண்ணிட்டேன்பா.”

அவன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “வாய்க்கரிசி யாரு போட்டா?”

“தம்பி போட்டாரு” என்றாள் இலக்கியா. பிறகு கலையரசியிடம் மெதுவாகச் சொன்னாள். “மாமா செத்தப்ப அத்த இவரு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி போட வெச்சாங்க. மெரளவே இல்ல. நல்லாத்தான் போட்டாரு.”

“நான் போடல” என்றான் அமிர்தலிங்கம். அப்போதுதான் அழ ஆரம்பித்தான். சாவு வீட்டில் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்த பெரிய மனிதனின் அழுகையாக இருந்தது அது. இவனுக்கு என்ன புரியும் என்று கேட்டவனிடம், புரியும் என்று சொல்லவேண்டியவள் தான் ஒருத்திதான் என்று கலையரசிக்கு உறைத்தது. பதினேழு வருடம் அவனோடு இருந்தவள் அவள்தான்.

மறுநாள் அறிவழகன் அண்ணனைச் சுடுகாட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். அமிர்தலிங்கம் இல்லத்துக்குத் திரும்பி வந்தான். கலையரசியிடம் கோபம் எதுவும் காட்டவில்லை. ஆனால் அவளிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டான். நாளைக்கு டாக்டர் வருகிறார் என்று அவள் சொன்னால், சமையலறைக்குப் போய்ச் சமையல் செய்யும் சின்னம்மாளிடம், “நெசமாவா?” என்று கேட்டுக்கொண்டான்.

அடுத்த வைகாசியில், அங்கே தங்கியிருந்த சுதர்சனின் அப்பா ஜெயங்கொண்டத்தில் இறந்துபோனார். கூட்டிவர வேண்டாம் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். “இல்லீங்க, கூட்டிக்கிட்டுத்தான் வருவேன்” என்று சொல்லிவிட்டு அவனோடு போனாள் கலையரசி. மேளத்துக்குச் சுதர்சன் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். ஆனாலும் அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

அவர்கள் திரும்பி வந்தபோது அமிர்தலிங்கம் வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தான். சுதர்சன் உள்ளே போகும்வரை பார்த்துவிட்டு, ஆறு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவளைக் கேட்டான்.

“சுதர்சனக் கூட்டிட்டுப் போனீங்களா?”

“ஆமா அமிர்தம்.”

“என்னயக் கூட்டிட்டுப் போகல.”

அவன் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். அவன் மீதித் துண்டுகளையும் மடித்து அடுக்கி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனான்.