விவசாய மண்டலத்தில் ஒரு மணப்பெண்

பிரிஜாவுக்கு ஒரு கண்ணில் மை எழுதி முடித்து, கரண்டு போவதற்குள் மறு கண்ணையும் முடித்துவிடலாம் என்று லீமா கையைத் தூக்கியபோது, வாசலில் ஜீப் வந்து நின்றது. கூடவே அண்ணனின் குரல்.

"இதாக்கும் ஸார் கடை. வயலுக்க நடுவுல ப்யூட்டி பார்லர். எங்கயாம் கேட்டதுண்டா?"

"மாமி, அப்பா வந்தாச்சு," என்றாள் பிரிஜா.

"அனங்காத இரி," என்று லீமா அவள் தாடையை அசையாமல் பிடித்தாள். பயத்தோடு பாழாய்ப்போன சிரிப்பும் கூடவே வந்தது.

குமாரதாஸ் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். இன்று அவர் வீட்டில் கல்யாணம். நாற்காலியில் இருந்தவள் அவருடைய மகள். மகள் மாடியில் கதவடைத்து ஜெபம் செய்கிறாள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நம்பவைத்தவள் அவர் மனைவி ராஜபாய்.

லீமாவின் புருஷன் வளைகுடாவில் வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோனான். அவள் நாகர்கோவிலில் அழகுக்கலை படித்து, பங்காகக் கிடைத்த வயலோர வீட்டின் முன்னறையில் கண்ணாடி மாட்டினாள். அன்று பிடித்தது சனி. விவசாய மண்டலத்தில் வணிகம் கூடாது, வெட்டிய முடி ஓடையில் விழுந்தால் நெல் என்னாகும் என்று குமாரதாஸ் பேரூராட்சிக்கு மனுமேல் மனு கொடுத்தார். அதே வயலில் பாதியை மண்போட்டு நிரப்பி அவர் நடத்தும் ஹாலோபிளாக் கம்பெனியால் நெல்லுக்கு ஒரு கேடும் இல்லை போலிருக்கிறது. மனுவில் எழுதாத காரணம் ஊருக்கே தெரியும்: புருஷன் போனவள் கை கல்யாணப் பெண்ணின் முகத்தில் படலாமா? ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். சகுனத்தை மட்டும் பத்திரமாக வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். ஆனாலும் பெண்கள் வாழைத்தோட்டம் வழியாகப் பின்வாசலுக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

நச்சரிப்புத் தாங்காமல் பேரூராட்சி அதிகாரி பூட்டும் சீலுமாகக் கிளம்பிய நாள், கல்யாண நாளாகவே அமைந்துவிட்டது. பட்டுவேட்டியோடு வழிகாட்ட ஓடிவந்துவிட்டார் குமாரதாஸ். ஆசை யாரை விட்டது.

கதவைத் திறந்தார். ஒரு கண் பெரிதும் ஒரு கண் சிறிதுமாக மகள் அவரைப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ ஜெபிக்கல்லியா?"

"ஜெபிச்சேன் அப்பா. நீங்க இங்கோட்டு வரப்பிடாதுன்னு."

அதிகாரி தொண்டையைச் செருமினார். "எல்லாரும் வெளிய வாங்கம்மா. சீல் வைக்கணும்."

"ஸார், ஸார்," என்று குமாரதாஸ் குறுக்கே பாய்ந்தார். "மாப்பிள சர்ச்சுல வந்தாச்சு. பிள்ள இந்தக் கோலத்துல எப்பிடிப் போவா?"

"கடைன்னு மனு கொடுத்தது நீங்கதானே?"

"கடையா?" பட்டுச்சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. "கடையொண்ணும் இல்ல ஸார். இது எனக்க தங்கச்சியாக்கும். மருமவள சீவி முடிச்சு ஒருக்கி விடுதா. மாமி செய்யாத வேற யாரு செய்வா?"

புருஷன் போன நாள்முதல் அண்ணன் வாயிலிருந்து 'தங்கச்சி' என்ற சொல்லை லீமா கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது. இதற்கு ஒரு அதிகாரி வரவேண்டியிருந்ததே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

"குடும்பம்னா எனக்கு வேலையில்ல. கடைன்னா பூட்டணும்," என்றார் அதிகாரி. "பொண்ணு கிளம்பட்டும், பாத்துட்டே போறேன்." ஜீப்பில் போய் உட்கார்ந்தார்.

மறு கண்ணும் முடிந்தது. பூக்கட்டிய கார் வாசலுக்கு வந்தது. குமாரதாஸ் லீமாவின் பக்கம் குனிந்தார்.

"நீ பின்னால வேனுல வா. சர்ச்சுலயும் கடைசியில இரி. ஆளுவ பாப்பாவ."

"பின்னால வந்தா கடைக்காரி, அண்ணா. பிள்ளைக்க கூட இருந்தாத்தான் மாமி," என்றாள் லீமா. "அந்த ஸார் இன்னும் போகல்ல. கடைன்னு இத பூட்டுனா, அதே வயலுல கெடக்க உங்க கம்பெனியயும் பூட்டணும்லா."

குமாரதாஸ் ஜீப்பைப் பார்த்தார். மகளுக்குப் பக்கத்தில் தனக்கென்று வைத்திருந்த இடத்தின் கதவைத் தானே திறந்துவிட்டார். லீமா சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அவர் பிரியாணி அண்டாக்களோடு வேனில் வந்தார்.